உம்மா கேட்ட இறைச்சி மெஷின்



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் இறைச்சி அரைக்கிற மெஷின் ஒன்று வாங்கவேண்டும் என்று வீட்டில் கதை. நாங்கள் கரண்டில் ஓடுவதைப் பார்த்தோம். உம்மா, "கையால சுத்துறதையே வாங்குங்கோ" என்றா.

காரணம் தெரியும். 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டிவந்த நாள். மேசையில் இறுக்கிப் பூட்டியிருந்த மெஷினைக் கழற்ற உம்மாவுக்கு நேரமிருக்கவில்லை. புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் கத்தியால் கொத்தித்தான் கட்லட் செய்தா.

8ஆம் நம்பர் கைமெஷின் எடுத்தோம். நாலைந்து பேருக்கு அது போதும். வாங்கப் போகிறவர்கள் மேசைப் பலகையின் தடிப்பை அளந்துகொண்டு போங்கள். கத்தியின் தட்டையான பக்கம் ஓட்டைத் தட்டோடு ஒட்டவேண்டும். மாறிப் பூட்டினால் இறைச்சி நசியுமே தவிர அரைபடாது. சவ்வை நீக்கி, நன்றாகக் குளிரவைத்து அரையுங்கள். கழுவியதும் துடைத்து எண்ணெய் பூசுங்கள். எங்கள் கீரிமலைக் கடற்காற்றுக்கு இரும்பு கெதியாய்த் துருப்பிடிக்கும்.

மெஷினைப் பூட்டும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்தா. அவ மச்சம் சாப்பிடுவதில்லை. கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னா: "நாங்களும் 90இலதான் இஞ்சயிருந்து இடம்பெயர்ந்தனாங்கள். ஆட்டுக்கல்லை விட்டிட்டுத்தான் போனது."

உம்மா எழும்பி அவவுக்குத் தேத்தண்ணி போடப் போனா.