அகிஹாபாராவில் ஒரு பொம்மை விமானம்

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தோக்கியோ நகரின் நிஷி-கசாய் பகுதியில் வசிக்கும் என் மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மும்பையில் படிக்கும் என் பேரன், நான் புறப்படும் வேளையில் ஒரு சீட்டையும் தான் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தையும் கையில் திணித்தான். ‘மாக்ராஸ்’ என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடரில் வரும் வால்கிரீ விமானம் வேண்டுமாம். மடக்கினால் மனித உருவம் கொள்ளும் பொம்மை அது. “இங்கே ஒரு கடையிலும் இல்லை, தாத்தா. நமக்கு மட்டும் ஏன் விற்க மாட்டார்கள்?” என்று கேட்டான். அன்று என்னிடம் விடை இல்லை.

நிஷி-கசாயில் ரயிலேறி, கயாபாச்சோவில் வண்டி மாறினால் அகிஹாபாரா வந்துவிடும். போருக்குப் பின் வானொலி உறுப்புகள் விற்ற கடைகளால் பெயர் பெற்ற இடம். அப்பழைய பெயரைத் தாங்கிய ‘ரேடியோ கைகான்’ கட்டடம், 2014இல் புதிதாய் எழுந்தது. மாடிதோறும் பொம்மைகள்! கண்ணாடிப் பேழைகளின் அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். சேகரிப்போர் தத்தம் பொருளுக்குத் தாமே விலை குறித்து அங்கு வைக்கிறார்கள். பேரன் கேட்ட விமானம் அங்கே இருந்தது.

என் மருமகன்தான் காரணத்தை விளக்கினார். கண்மாய் மீனைக் குத்தகை எடுத்தவர் அடுத்த ஊர்க் கண்மாயில் வலை வீச முடியுமா? பொம்மை உரிமமும் அத்தகையதே. இன்னார், இன்ன நாட்டில் விற்கலாம் என்று எல்லை வகுக்கிறது. மாக்ராஸ் 1982இல் ஜப்பானில் ஒளிபரப்பானது. அதன் வெளிநாட்டு உரிமத்தைத் தட்சுனோகோ நிறுவனத்திடமிருந்து அமெரிக்காவின் ஹார்மனி கோல்டு பெற்று, 1985இல் ‘ரோபோடெக்’ என்னும் தொடராக்கியது. ஆனால் பாத்திர வடிவங்கள் பிக் வெஸ்ட், ஸ்டூடியோ நூயே ஆகியோருக்கும், படத்தின் உரிமை தட்சுனோகோவுக்கும் உரியவை என 2002, 2003ஆம் ஆண்டுகளில் தோக்கியோ நீதிமன்றங்கள் தீர்த்தன. ஒரு பொருளுக்கு இரு உரிமையாளர்! ஆகவே புதிய பொம்மைகள் பல ஜப்பானைத் தாண்டி முறைப்படி விற்பனைக்கு வரவில்லை.

இதற்கு நேர்மாறான விந்தையும் உண்டு. இதே விமானப் பொம்மையை முதலில் செய்த தகாதோகு நிறுவனம் 1984இல் நொடித்தது. அச்சுகள் பண்டாயிடம் சென்றன. ஹாஸ்ப்ரோ அதனை உரிமம் பெற்று, 1985இல் ‘ஜெட்ஃபயர்’ என்ற பெயரில் தன் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வரிசையில் அமெரிக்காவில் விற்றது. ஜப்பானில் அவ்வரிசையை விற்ற தகாராவுக்கோ பண்டாய் போட்டியாளர். எனவே அங்கு ஜெட்ஃபயர் விற்பனைக்கு வரவேயில்லை. பிறந்த வீட்டிலேயே இடமில்லாமல் போயிற்று!

பொம்மையை வாங்கி வந்து பேரனிடம் கொடுத்து, அறிந்ததையும் சொன்னேன். “பங்காளி வழக்கில் பூட்டிக் கிடக்கிறதே நம் ஊர் வீடு, அது போலவா?” என்றான். நான் பேசவில்லை.

2021ஆம் ஆண்டு ஏப்ரலில், பிக் வெஸ்டும் ஹார்மனி கோல்டும் உடன்படிக்கை செய்துகொண்டன. மாக்ராஸ் படைப்புகளுக்கு உலகச் சந்தை திறந்தது. செய்தியைப் பேரன்தான் தொலைபேசியில் சொன்னான்: “அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள், தாத்தா. நம் வீட்டை எப்போது திறப்பீர்கள்?”

அன்றிரவே ஊரிலுள்ள என் தமையனாருக்குக் கடிதம் எழுதினேன்.