வருமான அத்தாட்சிப் பத்திரம்

2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் ரொறன்ரோவிலிருந்து என் பல்கலைக்கழக நண்பன் தொலைபேசியில் அழைத்தான். வழக்கமான சுகநல விசாரிப்புகள் முடிந்ததும் விடயத்துக்கு வந்தான். ஊர்ப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் போகும் ஒரு பிள்ளைக்கு நான்கு வருடமும் மாதாமாதம் பணம் அனுப்ப விரும்புகிறான். பிள்ளையைத் தெரிவுசெய்வது என் பொறுப்பு. "உண்மையிலை கஷ்டப்படுற பிள்ளையாப் பார், மச்சான். பேப்பரைப் பாத்து முடிவெடுக்காதை" என்றான்.

கடைசி வாக்கியத்தை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இருவரும் 1991 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவானவர்கள். பொருளாதாரத் தடைக் காலம் அது. மின்சாரம் இல்லை. ஜாம்போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் விட்டுத் திரியை எரித்துப் படித்தோம். கன்னங்கரா கொண்டுவந்து 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் புண்ணியத்தில் எங்களிடம் எவரும் படிப்புக்குக் கட்டணம் கேட்கவில்லை. ஆனால் அறைக்கு வாடகை உண்டு, வயிறும் உண்டு. அந்த இடைவெளியை நிரப்பவே மகாபொல புலமைப்பரிசில் இருந்தது.

மகாபொல என்ற சிங்களச் சொல்லுக்குப் பெருஞ்சந்தை என்று பொருள். வர்த்தகப் பொருட்காட்சிகளின் வருமானத்திலிருந்து ஏழை மாணவருக்கு உதவலாம் என்று எண்ணியவர் அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி. 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அதற்கென ஒரு நம்பிக்கை நிதியம் அமைந்தது. அதே மனிதர் 1984 இல் தேசியப் பாதுகாப்பு அமைச்சரானார். அந்தப் பதவியில் அவர் இருந்த காலத்தைத் தமிழர்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை நான் எழுதித் தெரியவேண்டியதில்லை. அவர் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே அவர் தொடக்கிவைத்த பணத்துக்காக வரிசையில் நின்ற தலைமுறை எங்களுடையது. 1993 ஏப்ரலில் அவர் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோதும் அந்த மாதத்துக் காசு வந்துசேரவில்லை என்பதைப் பற்றித்தான் அறையில் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த நிதியத்துக்கு லொத்தர் பணமும் போகிறது. பின்னாளில் கொழும்பில் பத்திரிகையில் வேலை செய்தபோது, காரியாலயத்துக்கு எதிரே கூவி விற்பவரிடம் சீட்டு வாங்குபவர்களைக் கவனித்திருக்கிறேன். முச்சக்கரவண்டி ஓட்டுநர்கள், நாட்டாமை வேலை செய்பவர்கள், மரக்கறி விற்கும் பெண்கள். அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபத்தில் ஒரு பங்கு மகாபொலவுக்குச் செல்வதால், அவர்களுக்கு விழாத பரிசில் சிறு துண்டொன்று எங்கோ ஒரு மாணவனின் மதியச் சாப்பாடாகிறது. அரசின் கொடை என்று நாம் சொல்வதில் பாதி, ஏழை ஏழைக்குக் கொடுப்பதுதான்.

மகாபொலவில் பரீட்சைத் திறமைக்கென ஒரு பிரிவும் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் பிரிவும் உண்டு. அதிலும் அகப்படாதவர்களுக்குப் பர்சரி எனப்படும் சற்றுக் குறைந்த உதவுதொகை. எங்கள் இருவரின் புள்ளிகளும் திறமைப் பிரிவுக்குப் போதவில்லை. ஆகவே விதானையாரிடம் வருமான அத்தாட்சி வாங்கி, உதவி அரசாங்க அதிபர் காரியாலயத்தில் ஒப்பமும் பெற்று விண்ணப்பித்தோம்.

நண்பனின் தந்தை அரசாங்கத் திணைக்களமொன்றில் சிற்றூழியர். அவருடைய வருமானத்தை எவரும் மதிப்பிட வேண்டியதில்லை. சம்பளத் துண்டில் சதம் வரை அச்சாகியிருந்தது. அவனுக்கு நான்கு அக்காமார். எல்லோரும் படிப்பை முடித்துவிட்டுத் திருமணமாகாமல் வீட்டில் இருந்தார்கள். படிக்கும் பிள்ளைகளின் தொகையை விண்ணப்பப்படிவம் கேட்டது. சாப்பிடும் பிள்ளைகளின் தொகையை அது கேட்கவில்லை.

என் தந்தைக்குச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை. தோட்டக்காணியும் இருந்தது. தடைக்காலத்தில் சவர்க்காரமும் சீனியும் என்ன விலை போயின என்பது அக்காலத்தில் அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். ஐயா கொள்ளை இலாபம் அடித்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒருநாளும் உலை கொதிக்காமல் இருந்ததில்லை. விதானையார் அவருடைய பழைய கூட்டாளி. எங்கள் விறாந்தையில் இருந்து பால்தேநீர் குடித்தபடியே அத்தாட்சிப் பத்திரத்தை நிரப்பினார். தோட்டத்து வருமானம் என்று ஏதோ ஒரு சிறுதொகை. கடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது, விளங்காத வயதல்ல.

எனக்கு மகாபொல கிடைத்தது. அவனுக்குப் பர்சரிகூட இல்லை.

ஓரறையில்தான் இருந்தோம். கொழும்பிலிருந்து வரவேண்டிய பணம் பாதை மூடும்போதெல்லாம் நின்றுபோகும்; பிறகு சில மாதத்துக் காசு ஒன்றாக வரும். வந்த அன்று அவனுக்கு நான் தோசை வாங்கிக் கொடுப்பேன். அவன் மறுக்காமல் சாப்பிடுவான். மற்ற நாட்களில் காலையில் பசிக்கவில்லை என்பான். நான் அதை நம்பினேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். 1994 இல், மூன்றாம் வருடத்தில், படிப்பை விட்டுவிட்டுக் கிளாலிக் கடலேரியைக் கடந்து கொழும்புக்குப் போனான். அங்கிருந்து கனடா.

இப்போது பணத்தின் அளவு மாறிவிட்டது. பல வருடங்கள் ஐயாயிரம் ரூபாவில் நின்ற மகாபொல, 2022 இன் விலையேற்றத்தையும் அந்த ஐயாயிரத்தோடுதான் கடந்தது. 2025 பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில்தான் அது 7,500 ஆகவும், பர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. 2025 இன் அந்த 7,500 ஐ மாதத்தின் முப்பது நாளால் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 250 ரூபா. அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாதோருக்கு 2017 இல் வட்டியில்லாக் கடன் ஒன்றையும் தொடங்கினார்கள். அரசு சாராத நிறுவனங்களில் பட்டம் படிக்கத் தொடக்கத்தில் எட்டு இலட்சம் ரூபா வரை கொடுத்தார்கள். வட்டியை அரசே ஏற்கும். நல்ல திட்டம்தான். ஆனால் கடன் என்ற சொல்லைக் கேட்டதுமே எங்கள் ஊர்த் தாய்மார் படிவத்தை மடித்துவைத்துவிடுகிறார்கள். நுண்கடன் அவர்களைப் படுத்திய பாட்டுக்குப் பிறகு அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நண்பனின் பணத்துக்குப் பாடசாலை அதிபர் இரண்டு பெயர்களைத் தந்தார். முதலாவது ஒரு மாணவி. தந்தை 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவர். அவள் அப்போது மூன்று வயதுக் குழந்தை. தாய் தையல் வேலை செய்கிறார். காணாமற்போனோருக்குத் தனிச் சான்றிதழ் வழங்க 2016 இல் சட்டம் வந்தும் அந்தத் தாய் அதை எடுக்கவில்லை. எடுத்தால் கணவர் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகும் என்பது அவருடைய எண்ணம். மகாபொல விண்ணப்பத்தில் தந்தையின் வருமானம் என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "ஒண்டும் எழுதேல்லை ஐயா. விதானையார்தான் கோடு கீறினவர்" என்றார்.

மற்றவன் காரியாலயமொன்றின் காவலாளியின் மகன். தந்தைக்கு நிரந்தரச் சம்பளம். அதில் வீட்டுக் கடனும் மூத்த மகளின் கலியாணத்துக்கு எடுத்த கடனும் போக மிஞ்சுவதைச் சம்பளத் துண்டின் கடைசி வரியில் பார்த்தேன். விண்ணப்பத்தில் கணக்கெடுப்பது முதல் வரியை. அவனுக்கு மகாபொலவும் பர்சரியும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். மாணவிக்கு மகாபொல உறுதியாகியிருந்தது. இருந்தும், அந்தத் தாயின் முன்னால் இன்னொரு பிள்ளையின் பெயரை எழுதுவது இலகுவாக இருக்கவில்லை. கடைசியில் காவலாளியின் மகனின் பெயரை எழுதினேன். அந்தக் கடிதத்திலேயே, முப்பத்துநான்கு வருடங்களுக்குப் பிறகு, எங்கள் விறாந்தையில் எழுதப்பட்ட அத்தாட்சிப் பத்திரத்தைப் பற்றியும் எழுதினேன். தோசையைப் பற்றியும் எழுதினேன்.

ஒரு கிழமை பதில் இல்லை. பிறகு அவனே அழைத்தான்.

"பெடியனுக்கு இந்த மாசக் காசு போட்டாச்சு. வங்கிக் கணக்கு இலக்கத்திலை ஒரு எண் பிழையா எழுதியிருந்தனி, திருத்திப் போட்டனான்" என்றான். பின்னர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "மற்றது, அது எனக்கு அப்பவே தெரியும் மச்சான். விதானையாற்றை மகன் எங்கடை வகுப்பெல்லே."