ஒரு பைசாவுக்கு நின்ற மனுஷன்

உள்ளாட்சித் தேர்தல் என்ற பேச்சு எழுந்தாலே ஆழ்வார்திருநகரி ஒன்றியத்து ஊர்களில் இளவட்டங்களுக்கு உறக்கம் போய்விடுகிறது. எந்தத் தெரு யார் பக்கம், எவ்வளவு செலவாகும் என்று டீக்கடையில் விடிய விடியக் கணக்கு ஓடும். நிற்க ஆசைப்படுகிற பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஊருக்கு உழைக்க ஆசைப்படுவது நல்ல ஆசைதான். அந்த ஆசை உள்ளவர்கள் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடுவைத் தெரிந்துகொள்ளாமல் வேட்புமனுவில் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கட்சி.

அவர் நம்ம பக்கத்து ஆள் இல்லை. 1925-இல் பிறந்தவர், கோயம்புத்தூர் பக்கம் வையம்பாளையத்தில் காடு தோட்டம் பார்த்த சம்சாரி. ஆனால் அவர் மூச்சு நின்றது நம்ம கோவில்பட்டியில். அதற்குப் பிறகு வருகிறேன்.

நமக்குத் தாமிரபரணி இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணையில் தண்ணீர் நின்றால் தென்காலில் தானாக இறங்கி வரும், கடம்பாகுளம் பெருகும், நெல்லுக்கும் வாழைக்கும் மடை திறந்தால் போதும். கோவைக்காரருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மழை பொய்க்கப் பொய்க்கக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டே போக வேண்டும். கமலை எட்டாத ஆழத்துக்குத் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார்தான் கதி. அதனால் அங்கே கரண்டு ஒரு யூனிட் எத்தனை பைசா என்பதில் ஒரு குடும்பத்தின் சாப்பாடே அடங்கியிருந்தது. ஆற்றுப் பாசனத்திலேயே வளர்ந்த நமக்கு இது சட்டென்று விளங்காது. சாத்தான்குளம், உடன்குடித் தேரிப் பக்கம் கிணறு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், விளக்கமாகச் சொல்வார்கள்.

1970-இல் விவசாயத்துக்கான மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக அரசு ஏற்றியது. இரண்டு பைசாவுக்கா இத்தனை கூப்பாடு என்று பட்டணத்தில் கேட்டார்கள். இராப்பகலாக ஓடுகிற மோட்டாரில் அந்த இரண்டு பைசா வருஷக் கடைசியில் என்னவாகும் என்பது சம்சாரிக்குத் தெரியும். நாயுடுவும் அவரோடு நின்றவர்களும் அந்தக் கணக்கை வைத்துத்தான் ஆட்களைத் திரட்டினார்கள். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். பிறகுதான் கட்டணம் ஒரு பைசா குறைந்து 9 ஆனது. அந்த மூன்று பேருக்கும் பெருமாநல்லூரில் இன்றும் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

1972-இல் கட்டணம் மறுபடி ஏறியது. கோயம்புத்தூருக்குப் பாலும் காய்கறியும் போகாமல் ஊர்கள் நிறுத்திவைத்தன. அதற்கும் அசையாதபோது நாலா திசையிலிருந்தும் மாட்டுவண்டிகளை ஓட்டி வந்து நகரத்துச் சாலைகளில் அவிழ்த்துப் போட்டார்கள். ஆயிரக்கணக்கான வண்டிகள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் போக வழியில்லை, நகரமே நின்றுபோனது. அந்த வண்டியில் வந்தவர்களில் காங்கிரஸ்காரரும் இருந்தார், திமுககாரரும் இருந்தார், கம்யூனிஸ்டும் இருந்தார். நான் உங்களுக்குச் சொல்ல நினைத்த சங்கதி இதுதான். ஒருவரிடமும் நாயுடு கட்சி கேட்கவில்லை. கட்சி கேட்காத இடத்தில்தான் அத்தனை பேரும் வந்தார்கள்.

இப்படித் திரண்ட கூட்டம் 1973-இல் தமிழக விவசாயிகள் சங்கமாகி மாநிலம் முழுக்கப் பரவியது. நம்ம வடக்கே கரிசல் காட்டு ஊர்களிலும் வேர் பிடித்தது. ஜப்தி, கடன், விளைபொருள் விலை என்று கோரிக்கை நீண்டுகொண்டே போனது. எந்த ஆட்சி வந்தாலும் துப்பாக்கியும் நிற்கவில்லை. 1980-இன் கடைசி நாளில் குறிஞ்சாக்குளத்திலும் சுட்டார்கள். மகாராஷ்டிரத்தில் சரத் ஜோஷி, கர்நாடகத்தில் நஞ்சுண்டசாமி என்று விவசாயிகள் எழுந்த காலம் அது. அவர்களுக்கெல்லாம் மூத்தவராக இவரை வைத்துப் பார்த்தார்கள்.

1982-இல் உழவர் உழைப்பாளர் கட்சி என்று ஒன்றை அவர் தொடங்கினார். அவர் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ரோட்டில் நின்று, அடி வாங்கி, ஆள் சாகக் கொடுத்துக் கேட்டதைச் சட்டசபைக்குள் உட்கார்ந்து ஒரு கையெழுத்தில் வாங்கிவிடலாமே என்று தோன்றாதா? தோன்றும். ஆனால் அதுவரை வண்டி கட்டிக்கொண்டு வந்தவர், ஓட்டு என்றதும் தன் பழைய சின்னத்தைத் தேடிப் போனார். போராட்டத்துக்கு வருகிற கூட்டமும் பூத்துக்கு வருகிற கூட்டமும் ஒன்றல்ல. அவ்வளவு பெரிய மனுஷனுக்கே ஊர் அப்படித்தான் நடந்துகொண்டது. 1984 டிசம்பர் 21, வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால், பிரசாரத்துக்கு வந்த இடத்தில் கோவில்பட்டியில் காலமானார். பிறகு சங்கம் பல துண்டாகப் பிரிந்தது.

அவர் கேட்டது மட்டும் நிலைத்தது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1989-இல் ஆட்சிக்கு வந்த திமுக அதை எல்லா விவசாயிகளுக்கும் ஆக்கியது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் பில் இல்லாமல் ஓடுகின்றன. சுவிட்சைத் தட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குப் பெருமாநல்லூர் தெரியும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இனி உங்கள் விஷயம். கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் உண்டு. தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் இல்லை. நாயுடு கட்சி தொடங்கியபோது இழந்ததைச் சட்டமே உங்கள் கையில் கொடுத்து வைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, ஜெயித்த மறுநாளே கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு மாலையோடு கிளம்பிப் போகாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குப் புதுக்குடி ஊரார் ஆக்கிப் போட்டார்களே, அன்றைக்கு யார் யாரிடம் கட்சி கேட்டார்கள்?

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பாதி இடம் உங்களுடையது. ஜெயித்தபின் அந்த நாற்காலியில் வீட்டு ஆம்பளையை உட்கார விடாதீர்கள். கையெழுத்தும் உங்களுடையதாக இருக்கட்டும், கணக்கும் உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும்.

கேட்பதை அளந்து கேளுங்கள். "விவசாயியை வாழவையுங்கள்" என்று முழங்கினால் ஆபீசர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு பைசா குறை என்றால் குறைத்தார்களா இல்லையா என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். நம்ம வாய்க்காலில் அமலைச் செடி மண்டிக் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. தென்கால் நீர்வளத் துறையின் பொறுப்பு, பஞ்சாயத்துக்கு அதில் வேலையில்லை என்பார்கள். தீர்மானம் போடுவதை யாரும் தடுக்க முடியாது. எந்த மடையிலிருந்து எந்த மடை வரை, எத்தனை மீட்டர், எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள்.

அதற்குப் பதவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருஷத்துக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது; அதில் மார்ச் 22 தண்ணீர் தினம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், எழுந்து பேசலாம். பேசியதோடு கிளம்பிவிடாமல், நீங்கள் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்து, நகல் கேட்டு வாங்குங்கள்.