பிறப்பைத் துருவாதீர்!

ஆழ்வார்திருநகரியிலே மரபியல் பாடம் நடத்துகிறோம். 23 இணைக் குரோமோசோம்களிலே கண்ணின் நிறத்துக்குக் காரணமுண்டு, மயிரின் சுருளுக்குக் காரணமுண்டு, சாதிக்கு இடமுண்டோ? இல்லை, தோழர்களே! வேளாளர் குலத்தவரெனச் சொல்லப்படும் நம்மாழ்வாரை, அந்தணரான மதுரகவி ஆசானாக ஏற்றதைப் போற்றும் ஊர் இது. இங்கே பிறப்பைத் துருவுவது முறையோ?

பாடமும் துருவலாகாது! “வீட்டார் காதுமடலைப் பார்த்து எழுதி வா” என்றால், தத்துப்பிள்ளை என்ன எழுதுவான்? பரம்பரை நோயை வெளியே சொல்லாத குடும்பம் என்ன செய்யும்? ஒருவர் மரபணுவிலே உடன்பிறந்தார் செய்தியும் அடங்கியிருக்கிறதே!

அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. வகுப்பறையிலும் அது வாழட்டும். மரபியலை விளக்க, மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வு போதும். பிள்ளைகளின் பிறப்பு வேண்டாம்!