இருபத்தொண்ணு, வெறுங்காலோடு

எங்க கிளாஸில் ஒருத்தன் இருபத்தொன்றாவது பிறந்தநாளை ஏலகிரியில் கொண்டாடினான். இன்னொருத்தன் பெங்களூர் போய் மூஞ்சி முழுக்கக் கேக் அப்பிக்கொண்டு வந்தான். என்னுடையது சித்தூரைத் தாண்டி பூதலப்பட்டு போகிற ரோட்டோரம், ஒரு பூட்டின கடைத் திண்ணையில், காலில் மூன்று கொப்புளத்தோடு விடிந்தது. கேக் கிடையாது. தேங்காய் பன் உண்டு. (அதுவும் நேற்றைய பன்.)

விஷயம் இதுதான். எங்க அப்பா பதினாலு வருஷமாகப் புரட்டாசியில் பேரணாம்பட்டிலிருந்து திருப்பதிக்கு நடக்கிறவர். குடியாத்தம், பரதராமி, சித்தூர், பூதலப்பட்டு, சந்திரகிரி... சுமார் 120 கிலோமீட்டர். ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவார், நான் ஏதாவது காரணம் சொல்லித் தப்பிப்பேன். போன வருஷம், அதாவது 2025 செப்டம்பர் 24 சாயங்காலம், நானே மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். 26ஆம் தேதி என் பிறந்தநாள். அம்மாவுக்கு ஒரே ஆனந்தம், பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டதாம். பக்தி எல்லாம் ஒன்றும் இல்லை. அப்பாவிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் அதற்கு இடம் இல்லை.

வெளிநாட்டில் இப்படி நடப்பதற்கு அதற்கென்றே தைத்த ஷூ, ரெண்டு கையிலும் குச்சி, முதுகில் மூட்டை. எங்கள் கோஷ்டிக்கு ஒரு துண்டு, ஒரு மஞ்சப்பை, வெறுங்கால். இதில் காமெடி என்னவென்றால், எங்கள் பெல்ட்டில் பாதிப் பேருக்கு ஷூவும் தோலும்தான் சோறு. அப்பா டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். அவர் கையில் பதமான தோல் எந்த நாட்டுக்காரன் காலில் இருக்கிறதோ தெரியாது, அவர் மட்டும் தார் ரோட்டில் வெறுங்காலோடு.

பரதராமி தாண்டினதும் ஆந்திரா. ஆனால் டீக்கடையில் தமிழ்தான் ஓடுகிறது. 1911 வரைக்கும் சித்தூர்தான் வட ஆற்காடு ஜில்லாவுக்கே தலைநகர், அப்புறம்தான் வேலூர். இதை நான் பெருமையாகச் சொன்னபோது கோஷ்டியில் ஒரு பெரியவர், "அப்படியா, டீ ஆறுது தம்பி" என்றார்.

பிறந்தநாள் காலை அப்பா என் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து வேப்பெண்ணெய் தடவினார். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். டேனரியில் தோலைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"இன்னும் பதம் வரலடா. ரெண்டு மூணு வருசம் நடந்தா வந்துடும்."

நடக்கும்போது பேச்சுக்கு எம்மா கேட்வுட் கதையைச் சொன்னேன். அமெரிக்கக் கிழவி. 1955இல், 67 வயதில், சாதாரண கேன்வாஸ் ஷூவோடு அப்பலாச்சியன் மலைப்பாதை சுமார் 3,300 கிலோமீட்டரையும் தனியாக நடந்து முடித்தவர். வீட்டில் ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்று மட்டும்தான் சொன்னாராம்.

"பசங்க இல்லியா?"

"பதினோரு பேருப்பா."

அப்பா கொஞ்ச தூரம் பேசவில்லை. "பதினோரு பேர் இருந்தும் ஒருத்தர்கிட்டயும் சொல்லணும்னு தோணல பாரு. இன்னா மனசுல இருந்துச்சோ."

எனக்கு அடிவயிறு பிசைந்தது. முந்தின நாள் பூரா மனுஷன் கோஷ்டியில் எல்லோரிடமும், பையன் ஜூனில் பெரிய கம்பெனியில் சேரப்போகிறான் என்று சொல்லிக்கொண்டே வந்திருந்தார். இதற்கு மேல் தாங்காது.

"அப்பா, எனக்கு நாலு அரியர் இருக்கு. கம்பெனி வந்துச்சு, என்னை உக்காரவே விடல."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசம். முன்னால் போய்விட்டார். நான் நொண்டிக்கொண்டு பின்னால். லாரிகள் போயின. ஒரு மணி நேரம் இருக்கும், மாந்தோப்பு ஒன்றின் ஓரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாலா? அஞ்சாறு இருந்து நாலுன்னு சொல்றியா?"

"நாலுதான்பா. சத்தியமா."

"நானும் ஒண்ணு சொல்லல." துண்டை உதறினார். "செப்டம்பர் பொறந்ததுலேர்ந்து வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை. அமெரிக்கா ஆர்டர் நின்னு போச்சுன்றாங்க."

ஆகஸ்ட் 27ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்ட செய்தியைப் போனில் படித்திருந்தேன், மீம் கூடப் பகிர்ந்திருந்தேன். அது எங்கள் வீட்டு அரிசிப் பானை வரைக்கும் வந்திருக்கும் என்று உறைக்கவில்லை. மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போகிற மாதிரி டிபன் பாக்ஸோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். நான் லைப்ரரி போகிறேன் என்று சொல்லிவிட்டு உட்காரும் அதே பஸ் ஸ்டாண்ட். எப்படி ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனோமோ, பெருமாளுக்கே வெளிச்சம்.

சிரிப்பு எனக்குத்தான் முதலில் வந்தது. அப்புறம் அவருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை, பிரம்மோற்சவ வாரம் வேறு, ஸ்ரீவாரி மெட்டில் சரியான கூட்டம். 2,388 படி. அலிபிரி பக்கம் 3,550, அதனால் இது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஏற்றம் செங்குத்து. பாதிக்கு மேல் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பதினாலு வருஷமாகத் தனக்கு மூச்சே வாங்காது என்று அளந்தவர். மஞ்சப்பையை நான் வாங்கிக்கொண்டேன், கொடுத்துவிட்டார். தரிசனத்துக்கு நின்ற நேரத்தைச் சொன்னால் அது தனிக் கதை.

பஸ்ஸில் திரும்பும்போது, அம்மாவிடம் யார் முதலில் சொல்வது என்று காட்பாடி வரைக்கும் பேரம் நடந்தது. கடைசியில் நான்தான் சொன்னேன், ரெண்டையும்.

நவம்பரில் ரெண்டு பேப்பர் எழுதினேன். மிச்சம் ரெண்டு. தேதி எல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம்.