பெருஞ்சீரக வாசம்

மாமா கசிப்பில் போனவர். அதனால் நாற்பது வயது வரை நான் மதுவைத் தொட்டதில்லை. இலண்டனில் முதுகலை படித்த காலத்திலும் நண்பர்களுக்கு நான் சாமியார்தான்.

போன கோடையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மோத்தியே போனேன். நொஷாத்தெல் மாநிலத்தின் வால் து த்ராவேர் பள்ளத்தாக்கு, அப்சிந்த் பிறந்த இடம். 1905இல் வோ மாநிலத்தில் ஒருவன் குடித்துவிட்டு மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் குடித்ததில் பெரும்பகுதி வைன். பழி அப்சிந்த் மேல் விழுந்தது. 1908இல் மக்கள் வாக்களித்தார்கள், 1910இல் தடை வந்தது. 2005 வரை இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்குள் கள்ளமாக வடித்தார்கள். பிடிபட்டவர்களை விசாரித்த கட்டடம்தான் இப்போது அப்சிந்த் அருங்காட்சியகம்! எங்கள் ஊரில் கசிப்புக்கு யார் வீடு கட்டுவார்?

ஊற்றித் தந்த பெண் சீனி போடவில்லை. நல்ல சரக்குக்கு அது தேவையில்லையாம். குளிர்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தெளிந்திருந்தது மெல்லப் பாலாகக் கலங்கியது. சாராயத்தில் கரைந்திருந்த சோம்பு எண்ணெய், தண்ணீர் கூடக்கூடக் கரைய முடியாமல் பிரிகிறது. அவசரப்படாமல் மணந்தால் முதலில் சோம்பு, பிறகு பச்சிலை. விழுங்கிய பிறகுதான் அந்தக் கசப்பு மூலிகை அடிநாக்கில் எட்டிப்பார்க்கிறது.

அம்மா என் கிளாஸை வாங்கி மணந்தா.

"பெருஞ்சீரகம்" என்றா. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணை குடிச்சிட்டு வந்தா நாறும். கடைசி நாளில நான் கிட்டக்கூடப் போகேல்லை."

கிளாஸை அவ திருப்பித் தரவில்லை.