கண்ணி கண்ணியாக: சேலம் – நாமக்கல் சமவெளியில்

சேர்வராயன் மலையடிவாரத்தில் தொடங்கித் தெற்கே காவிரிக்கரை வரை விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளி உழைப்பாளிகளின் பூமி. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை, பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, நாமக்கல்லில் லாரிப் பட்டறையும் கோழிப்பண்ணையும் என ஊருக்கொரு தொழில் உண்டு. 2013-ஆம் ஆண்டு முதல் சேலத்திலிருந்து இராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூருக்குப் புகைவண்டி ஓடுகிறது. அதில் அமர்ந்து பார்த்தால் மரவள்ளிக் காடுகளும் தென்னந்தோப்புகளும் ஓடி மறைய, கிழக்கே கொல்லிமலை நீலமாய் நம்முடனே வரும்.

அழகும் சுறுசுறுப்பும் நிறைந்த இவ்வூர்களில் ஊர்க்கண்ணுக்கு எளிதில் புலப்படாத சில வீடுகள் உண்டு. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அவ்வீட்டிலிருந்து ஒருவர் மட்டுமே வருவார். மற்றவர் குழந்தையோடு வீட்டிலேயே இருந்துவிடுவார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வீடுகள் அவை. அவர்களை மனத்திற்கொண்டு இச்சமவெளியை ஒருமுறை சுற்றி வருவோம்.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தை; வேண்டியதை விரலால் சுட்டாமல் தாயின் கையைப் பிடித்து இழுத்துச் செல்லும் குழந்தை; பொம்மை வண்டியை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுழற்றும் குழந்தை; வழக்கமான பாதை சற்று மாறினாலும் வீதியில் விழுந்து அலறும் குழந்தை. இவை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் சில. அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கன்னர் என்னும் மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனைத் தனியாக விவரித்தார். உலகில் 127 பேருக்கு ஒருவர் இந்நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டுள்ளது. நம் அரசுத் தாள்களில் இதனைப் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என எழுதுவதுண்டு. அப்பெயர் பொருத்தமானதன்று. இக்குழந்தைகளில் பலருக்குப் புற உலகம் நம்மைவிட உரக்கக் கேட்கிறது. நம்மைவிடக் கூர்மையாக உறுத்துகிறது.

குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்றதும், “அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான், விடு கண்ணு” என்று ஆத்தா ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலில் ஓராண்டு போகும். நேர்ச்சை, மந்திரிப்பு, ஊர் ஊராய் மருத்துவம் என்று மற்றோர் ஆண்டும் கையிருப்பும் போகும். செபிப்பது நன்று, ஆயினும் பயிற்சியைத் தள்ளிப்போட அதைக் காரணமாக்குதல் நன்றன்று. இளமூளை விரைந்து வளரும் முதல் ஐந்தாறு ஆண்டுகள் விலைமதிப்பற்றவை.

மற்றொரு சுமையும் தாயின் தலைமேல் விழுகிறது. “நீ ஒழுங்காய்ப் பேச்சுக் கொடுத்து வளர்க்கவில்லை” என்பார்கள். இப்பழி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. தாயின் பாசக்குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மேனாட்டு மருத்துவர் சிலரே ஒரு காலத்தில் எழுதினர். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியல் அறிஞருமான பெர்னார்ட் ரிம்லண்டு 1964-இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடே ஆட்டிசம் என்பதும், அதில் மரபணுக்களின் பங்கு பெரிது என்பதும் இன்று உறுதியாகியுள்ளன. தாயின் குறையோ முன்னோரின் சாபமோ இதற்குக் காரணம் அன்று.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாடம்

செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் கொலுசு உருவாவதைப் பார்த்தவர்கள், நடத்தைப் பயிற்சியின் முதல் பாடத்தை எளிதில் உணர்வர். முழுக் கொலுசும் ஒரே வார்ப்பில் வருவதில்லை. கம்பியை இழுத்து, கண்ணிகளை வளைத்து, ஒன்றோடொன்று கோத்துப் பற்றவைத்து, மெருகேற்றி முடிக்கிறார்கள். குழந்தைக்குக் கைகழுவக் கற்பிப்பதும் அப்படித்தான். நமக்கு அது ஒரே செயல். குழந்தைக்கோ குழாயைத் திறத்தல், கையை நனைத்தல், சோப்பை எடுத்தல், தேய்த்தல், அலசுதல், குழாயை மூடுதல், துடைத்தல் என ஏழு செயல்கள். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒன்று கைவந்தபின் அடுத்ததைக் கோக்க வேண்டும். ஆங்கிலத்தில் இம்முறையின் பெயரே சங்கிலி கோத்தல் என்னும் பொருளுடையது.

சில வேளைகளில் கடைசிக் கண்ணியிலிருந்து தொடங்குவார்கள். முதல் ஆறு செயல்களையும் தாயே குழந்தையின் கையைப் பிடித்துச் செய்விப்பார். துடைப்பதை மட்டும் குழந்தை தானே செய்யும். செய்து முடித்த மகிழ்ச்சி அப்பொழுதே அதற்குக் கிடைத்துவிடும். உடனே ஒரு பாராட்டு, ஒரு தட்டாமாலைச் சுற்று, அல்லது அதற்குப் பிடித்த ஏதேனும் ஒன்று பரிசாகும். பிந்திக் கிடைக்கும் பரிசு எதற்காகக் கிடைத்தது என்பது குழந்தைக்கு விளங்காது.

இம்முறை தமிழகத்துக்குப் புதிதன்று. அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகச் சென்னையில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய ‘மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை’ உண்பது, உடுத்துவது, பேசுவது முதலாக 18 துறைகளில், துறைக்கு 20 வீதம் 360 திறன்களை எளியதிலிருந்து அரியதற்கு வரிசைப்படுத்தித் தந்தது. குழந்தையால் என்ன முடியாது என்பதை விடுத்து, அடுத்து எதைக் கற்பிக்கலாம் என்று கேட்கும் முறை அது.

தறிச் சத்தத்தின் நடுவே

இனி மேற்கே காவிரிக்கரைப் பள்ளிபாளையத்துக்குச் செல்வோம். தெருவுக்குத் தெரு விசைத்தறியின் ஓசை. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் அத்தெருவில் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர்கள், “பிடிவாதம், இரண்டு அடி போட்டால் சரியாகும்” என்பர்.

பயிற்சி பெற்றவர் மூன்று கேள்விகள் கேட்பார். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? குழந்தை என்ன செய்தது? அதன் பின் அதற்கு என்ன கிடைத்தது? ஒரு வாரம் இவற்றைக் குறித்து வைத்தால் காரணம் பெரும்பாலும் தானே வெளிப்படும். தறி ஓடத் தொடங்கும்போது மோதுகிறான். உடனே தாய் தூக்கிக்கொண்டு வெளியே போகிறாள். ஆகவே தலையை மோதுவதே, “இங்கிருந்து என்னைக் கூட்டிப் போ” என்று சொல்ல அவன் கண்டுபிடித்த மொழி. அடித்தால் அம்மொழி மாறாது. கதவின் படம் வரைந்த ஓர் அட்டையைக் கொடுத்து, அதை நீட்டினால் வெளியே போகலாம் என்று கற்பித்தால், காலப்போக்கில் மோதுவதற்குத் தேவை குறையும். இதனுடன் காதுக்கு அடைப்பான் தரலாம். ஓசைக்கு எட்டத்தில் நின்று, அவன் தாங்கும் அளவுக்கு நாளும் சற்றே நெருங்கலாம்.

நாமக்கல் பட்டறைகளின் லாரிச் சக்கரங்களும் இப்படிப் பயன்படும். சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையை அதிலிருந்து பிடுங்கி இழுப்பதைவிட, அச்சக்கரத்தின் அருகே நாமும் அமர்வது மேல். எண்ணக் கற்பிக்கச் சக்கரங்கள் போதும். “சுத்து”, “நில்லு” என்னும் இரு சொற்களையும் அதைக்கொண்டே பழக்கலாம். ஆர்வம் இருக்கும் இடத்தில்தான் வாசல் இருக்கிறது.

சேந்தமங்கலம் வழியே

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை செல்லும் வழியில் உள்ள சேந்தமங்கலம் நம் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்ற ஊர். தத்துவபோதகர் என்று நம் முன்னோர் போற்றிய இராபர்ட் தெ நோபிலி 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். அவர் பேசும் முன் கேட்டவர். கற்பிக்கும் முன் இம்மக்களின் மொழியைக் கற்றவர். ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் செல்பவருக்கும் அதே வரிசைதான்.

நடத்தைப் பயிற்சியின் வரலாற்றில் இவ்வரிசை மறக்கப்பட்ட காலமும் உண்டு. அமெரிக்காவில் ஈவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளி வகுப்பில் தேறினர் எனக் கூறினார். அது உலகெங்கும் நம்பிக்கையூட்டியது. ஆனால் அப்பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடித்தலும் இடம்பெற்றிருந்தன. அக்காலத்துக் கடும் பயிற்சிகளுக்கு உட்பட்டு வளர்ந்தவர்கள் பலர், தம்மைத் தாமாக இருக்கவிடவில்லை என்று பின்னர் எழுதினர். ஆகவே பெற்றோர் ஒரு மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே அடி உண்டா, பட்டினி உண்டா, பெற்றோர் உள்ளே இருந்து பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். கைகளை வீசி ஆடுவது யாருக்கும் தீங்கு செய்யாவிடில் ஆடட்டும். பசியைச் சொல்லவும், வலியைக் காட்டவும், கழிப்பறையைத் தானே பயன்படுத்தவும் கற்பிப்பதே பயிற்சியின் நோக்கம். முழுக் குணம் தருவதாக விலை பேசுபவரை நம்பவேண்டாம்.

வீடே பள்ளி

பெருநகருக்குக் குடிபெயர்ந்தால்தான் வழி பிறக்கும் என்று தறியை விற்றவர்களும் உண்டு. வசதியான மையம் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இக்குழந்தைகளின் இயல்பு ஒன்றை மறத்தலாகாது. ஓர் அறையில் கற்றதை மற்றோர் இடத்தில் தானாகச் செய்வது அவர்களுக்குக் கடினம். மையத்துக் குழாயில் கைகழுவியவன் வீட்டுத் தொட்டியின் முன் விழித்து நிற்பான். எனவே கற்பிக்கும் இடங்களில் வீடும் தெருவும் பேருந்தும் சேர்ந்தே ஆக வேண்டும். ஆசிரியர் வரிசையில் அம்மாவும் அப்பாவும் ஆத்தாவும் இடம்பெற வேண்டும். கோவாவிலும் பாகிஸ்தானின் இராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களே பெற்றோரைப் பழக்கினர். பெற்றோர் குழந்தையின் குறிப்பறிந்து மறுமொழி தருவது பெருகிற்று. குழந்தைகள் தாமாகவே தொடர்பு கொள்ளத் தொடங்குவதும் கூடிற்று.

அரசின் உதவியையும் கேட்டுப் பெறவேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக் குழந்தைகளை ஒருமுறையும் மருத்துவக் குழு சோதிக்க வேண்டும். ஐயமுள்ள குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பள்ளி வயதினருக்கு வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுள் ஒன்றாயிற்று. எனவே சான்றிதழ் பெற உரிமை உண்டு. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை பயிற்சிச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் துணைநிற்கிறது. “எங்களுக்குப் பின் யார்?” என்று ஏங்கும் பெற்றோருக்காக, 18 வயது கடந்தவருக்குச் சட்டப்படி பாதுகாவலரை அமர்த்தும் வழியை 1999-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துள்ளது. மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

நம் பங்கில்

1930-இல் உருவான நம் சேலம் மறைமாவட்டத்தின் எந்தப் பங்கிலும் இத்தகைய குழந்தை இருக்கக்கூடும். திருப்பலியில் குழந்தை கத்தினால் பத்துத் தலைகள் திரும்புகின்றன. அடுத்த ஞாயிறு அத்தாய் வருவதில்லை. அக்காளுக்கு வரன் தகையாமல் போகுமோ என்று தம்பியை உள்ளறையில் வைக்கும் குடும்பங்களும் உண்டு. 2014 நவம்பரில் வத்திக்கானில் ஆட்டிசம் குறித்து நடந்த மாநாட்டினரைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், இக்குடும்பங்களின் தனிமையை உடைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வாசலோரம் ஓர் இடத்தை அக்குடும்பத்துக்கு ஒதுக்கலாம். நடுவில் எழுந்து போய் வந்தால் முகம் சுளிக்காதிருக்கலாம். ஆள் இல்லாத வார நாளில் பங்குத்தந்தை ஆலயத்தைத் திறந்து குழந்தையை நடக்கவிட்டு, மணியோசைக்குப் பழக்கலாம். திருப்பலியின் வரிசையை ஆறேழு படங்களில் வரைந்து கொடுக்கலாம். புதுநன்மைக்கு முன், அர்ச்சிக்கப்படாத அப்பத்தைக் கொண்டு பல நாள் பழக்கலாம். பக்கத்து வீட்டார் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் குழந்தையோடு இருந்தால் தாய் சற்றே கண்ணயர்வாள்.

இவற்றுள் எதையும் செய்யும் முன், அக்குழந்தைக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று தாயிடம் கேட்டறிவோம். அவரிடம் அதைக் கேட்டவர்கள் இதுவரை மிகச் சிலரே. வரும் ஞாயிறன்று நாம் கேட்கலாம்.